வண்டி மூணு நிமிஷம்தான் நிக்கும்

வண்டி ஓட்டுறது பெரிய வித்தையே இல்லைங்க; ஒருத்தர் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, ஹாரன் அடிக்காம, பல்லைக் கடிக்காம, அவர் இறங்கி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கிறதுதான் வித்தை. ஸ்கூல் வேன் ஓட்டுறவங்க, ஆபீஸ் பிக்கப் ஓட்டுறவங்க, முகூர்த்தத்துக்கு நேரமாச்சேன்னு ஸ்கூட்டர ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு வீட்டுக்காரம்மா புடவை மாத்தி முடிக்கக் காத்துக் கிடக்கிறவங்க, நீங்க எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்க. உங்களுக்குத்தான் இதை எழுதறேன். மத்தவங்களுக்கு இந்த எரிச்சல் புரியாது.

என் பேர் சேகர். பொறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூர் ஆஸ்டின் டவுன். எல்லார் கையிலயும் புதுசா செல்போன் முளைச்சிருந்த ரெண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்குல, எலெக்ட்ரானிக் சிட்டில இருந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு சுமோ ஓட்டினேன். காலையில நாலு பேர ஏத்திக்கிட்டுப் போய் கேட்ல விடணும், சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து வீட்ல விடணும். நாலு பேரும் சிநேகிதங்க. ஏறினா சினிமா, சாப்பாடு, வீட்டுக்காரர் தண்ணி விடல, ஊர்ல அக்காவுக்கு வரன் வந்திருக்குன்னு இறங்கற வரைக்கும் வாய் மூடாது. பேசட்டும், எனக்கென்ன நஷ்டம்? ஆனா அந்தப் பேச்சு வண்டி ஓடறப்ப மட்டும் நடக்கணும் இல்லையா!

ட்ராயிங் நோட்டு

இந்தக் காலை ரூட் எனக்கு எவ்வளவு முக்கியம்னு முதல்ல சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி மூணு வருஷம் அதே கம்பெனிக்கு நைட் ஷிஃப்ட் ஓட்டினேன். விடியக்காலை வீட்டுக்கு வந்து படுத்தா சாயங்காலம் எழுந்திருப்பேன். என் பொண்ணு பவித்ரா அப்போ ஒண்ணாங்கிளாஸ். அவ ஸ்கூலுக்குப் போறப்ப நான் தூங்குவேன். அவ வந்து விளையாடப் போறப்பவும் தூங்குவேன். அவ சாப்பிட உக்கார்றப்ப நான் சாவிய எடுத்துக்கிட்டுக் கிளம்புவேன்.

ஒரு நாள் ஸ்கூல்ல 'எங்கள் குடும்பம்'னு படம் வரையச் சொல்லியிருக்காங்க. பாப்பா அம்மாவ நிக்க வெச்சு வரைஞ்சிருக்கா, தன்னை ரெட்டை ஜடையோட வரைஞ்சிருக்கா. என்னை மட்டும் பாய்ல நீட்டிப் படுக்க வெச்சு, கண்ணை மூடி, கழுத்து வரைக்கும் வெள்ளை வேட்டிய போத்தி விட்டிருக்கா. கலா, அதாவது என் வீட்டுக்காரி, பாப்பாவக் கூட்டிட்டு வரப் போனப்ப, டீச்சர் அவளைத் தனியா கூப்பிட்டுக் கையப் புடிச்சுக்கிட்டு கேட்டாங்களாம்: "பாப்பாவோட அப்பா எப்ப தவறினாரும்மா?"

சித்தப்பா

அதுக்கப்புறம்தான் கால்ல விழாத குறையா கெஞ்சி இந்தக் காலை ரூட்ட வாங்கினேன். சாயங்காலம் ஏழரைக்கு வீடு. எட்டு மணிக்கு பாப்பாவும் நானும் ஒரே தட்டுல சாப்பிடுவோம். எனக்கு வேற எதுவும் வேண்டாம்னு இருந்தது.

ஆனா ரூட் நிலைக்கணும்னா ஒரு சட்டம் இருந்தது. வண்டி எட்டே முக்காலுக்குள்ள கம்பெனி கேட்டுக்குள்ள நுழையணும். ஒரு மாசத்துல மூணு தடவை லேட்டானா, அந்த வண்டி மறுபடியும் நைட் ஷிஃப்ட்டுக்குப் போயிடும். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் வண்டி மூணு நிமிஷம்தான் நிக்கும், ஆள் வரலைன்னா விட்டுட்டுக் கிளம்பணும். பாவம் பாத்து நின்னா, லேட் பண்ணினவர்கிட்ட ட்ரிப் ஷீட்ல 'என்னால்தான் தாமதம்'னு கையெழுத்து வாங்கணும். அப்ப லேட் என் மேல வராது, அந்த ஆளோட மேனேஜருக்குப் போயிடும்.

விட்டுட்டும் கிளம்பினதில்ல, ஒரு கையெழுத்தும் வாங்கினதில்ல நான். ஊர விட்டு ஊர் வந்து வேலை பாக்குற பிள்ளைங்க, அவங்க முன்னாடி பேப்பர நீட்டி 'போடு கையெழுத்து'ன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. கேட்ல டைம் எழுதற சூப்பர்வைசர் நாகராஜப்பா கன்னடக்காரர், எங்ககிட்ட அவர் பேசற தமிழே அதட்டற மாதிரி இருக்கும். ஒரு தடவை என் ஷீட்ட முன்னயும் பின்னயும் பொரட்டிப் பாத்துட்டு கேட்டாரு: "ஏன் சேகர், நீ இவங்களுக்கு ட்ரைவரா, இல்ல சித்தப்பாவா?"

மிஸ்டு கால் சட்டம்

முதல் பிக்கப் மல்லேஸ்வரம், சரவணன். திருநெல்வேலிப் பையன், மூணாவது மாடில ரூம். பேச்சு பூரா சாப்பாடு. ராத்திரி என்ன சாப்பிட்டான், காலையில என்ன சாப்பிடப் போறான், ஊர்ல இந்நேரம் என்ன சாப்பிட்டிருப்பான், இதுதான் அவனோட நியூஸ். எங்க வண்டிக்குன்னு அவன் ஒரு சட்டம் போட்டான். முந்தின ஸ்டாப்புல இருந்து கிளம்பறப்ப நான் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணணும், அதுக்கு 'வந்துட்டிருக்கேன்'னு அர்த்தம். அவங்க ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினா 'கீழ இறங்கி நிக்கறேன்'னு அர்த்தம். யாரும் போன எடுக்கக் கூடாது. எடுத்தா போன் பண்ணினவனோட பேலன்ஸ் போயிடும். எடுத்தவன் தண்டமா மத்த எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்.

சட்டம் போட்டவனே முதல்ல மீறுவான், ஊர் வழக்கம் அதுதானே. நான் ஒரு ரிங் விடுவேன், அடுத்த நொடி அவன்கிட்டயிருந்து ஒரு ரிங் வரும். ஆஹா, இன்னைக்குப் பையன் கீழ நிக்கறான்னு சந்தோஷமா போனா, வாசல்ல ஒரு நாய்தான் நிக்கும். அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு கைல ஷூ, ஒரு கைல சீப்போட படியில உருண்டு வருவான். ஒரு நாள் பொறுக்க முடியாம, "படுக்கையில இருந்துக்கிட்டே கீழ நிக்கறேன்னு ரிங் விடறியே, இது நியாயமாப்பா?"ன்னு கேட்டேன். அவன் ஷூ லேஸ் கட்டிக்கிட்டே நிமிர்ந்து கூடப் பாக்கல: "அண்ணாச்சி, நீங்க மட்டும் வந்துட்டிருக்கேன்னு ரிங் விடும்போது வண்டில உக்காந்திருந்தீயளா? தெரு முனை டீக்கடைல கிளாஸும் கையுமா நின்னத மாடி ஜன்னல்லேருந்து நான் பாக்கலைன்னு நெனைச்சீயளோ?"

ஒரே நிமிஷம்

ரெண்டாவது பிக்கப் ரேவதி. அதே மல்லேஸ்வரம், நாலு தெரு தள்ளி. அவங்க தாத்தா காலத்துலயே மைசூர் சர்க்கார் வேலைக்கு வந்து தங்கின தமிழ்க் குடும்பம். அம்மாகிட்ட தமிழ், பக்கத்து வீட்ல கன்னடம், சண்டைன்னா ரெண்டும். அவளுக்கும் சரவணனுக்கும் தினம் சாம்பார்ச் சண்டை. இந்த ஊர் ஹோட்டல் சாம்பார்ல வெல்லம் போடறாங்களே, அது அவனுக்கு ஆகாது. "இது சாம்பாரா, பாயசமா? அப்பளம் நொறுக்கிப் போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கு"ன்னு ஆரம்பிப்பான். "நிம்ம ஊர்ல காரத்தைத் தவிர வேற ருசியே தெரியாது, தெரிஞ்சா பேசுங்க"ன்னு அவ பாய்வா. கப்பன் பார்க் வர்ற வரைக்கும் வண்டிக்குள்ள புளியும் வெல்லமும் பறக்கும். எனக்கோ காலையில ஒரு டீயோட வந்த வயிறு. பசி காதை அடைக்கறப்ப சாம்பார் சண்டையக் கேக்கறது எவ்வளவு கொடுமைன்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

இந்தச் சண்டை ரேவதியோட அம்மா காதுக்குப் போயிடுச்சு. நான் சொல்லப்போற மாசத்தோட ஆரம்பத்துல ஒரு நாள், "அந்தப் பையன் என் சாம்பாரச் சாப்பிட்டுட்டுப் பேசட்டும்"னு வண்டிய மறிச்சு நின்னுட்டாங்க. அஞ்சு பேருக்கு இட்லி, ஒரு தூக்கு நிறைய சாம்பார். சரி, குடுங்கம்மா, போயிடறோம்னேன். சட்னி இல்லாம இட்லி அனுப்பினா அவங்க வீட்டு மானம் போயிடுமாம். தேங்காய் அப்பதான் உடைக்கிறாங்க! நான் வாட்ச்சக் காட்டறேன், அவங்க கரண்டியக் காட்டறாங்க. பதினொரு நிமிஷம் நின்னேன். கேட்டுக்குப் போனா எட்டு ஐம்பத்திரண்டு. முதல் லேட். சாம்பார் அமிர்தம்தான், இல்லைங்கல, ஆனா எனக்குத் தொண்டைக்குள்ள இறங்கல. சாயங்காலம் தூக்கத் திருப்பிக் குடுத்துட்டு, "அம்மா, உங்களால இன்னைக்கு எனக்கு லேட் போட்டுட்டாங்க"ன்னேன். அவங்களுக்கு உண்மையாவே வருத்தமாப் போச்சு: "அய்யய்யோ, முன்னாடியே சொல்லியிருந்தா கொத்தமல்லிய விட்டிருப்பேனே சேகர்!"

லைன்ல நம்ம ஆள்

மூணாவது பிக்கப் இம்ரான், சிவாஜிநகர். சந்து பூரா கறிக்கடை, துணிக்கடை, நடுவுல பஸ் ஸ்டாண்டுக்கு ஓடற ஜனம், அதுக்குள்ள சுமோவ விட்டு எடுக்கறதுக்குள்ள ஒரு ஆயுசு கழிஞ்சிடும். நல்ல வேளை, இம்ரான் மெயின் ரோட்லயே நிப்பான். நேரத்துக்கு வர்ற ஒரே ஆண்பிள்ளை. அவனுக்கு உயிர் சினிமா. தமிழ், ஹிந்தி, கன்னடம் எது வந்தாலும் முதல் நாள் பாத்துடுவான். மறுநாள் காலைல வண்டில கதை சொல்லுவான். சும்மா சொல்ல மாட்டான், மழை வந்தா மழைச் சத்தம், குதிரை வந்தா குதிரைச் சத்தம், ஹீரோயின் அழுதா என் தோள்ல சாஞ்சு அழுவான்.

அந்த மாசம் இருபத்தி ரெண்டாம் தேதி. ஒரு தியேட்டர் பக்கத்துல வண்டி போறப்ப, "ண்ணா, ரெண்டே நிமிஷம். ஞாயித்துக்கிழமை டிக்கெட் குடுக்கறாங்க, லைன்ல நம்ம ஆள் நிக்கறான்"ன்னான். நக்கோ இம்ரான், வேண்டாம், எனக்கு ஏற்கெனவே ஒரு லேட் இருக்குன்னு அவன் பாஷையிலயே கெஞ்சினேன். காதுல விழுந்தாத்தானே? அவன் இறங்க, சரவணன் இறங்க, அவங்களக் கூட்டிட்டு வரேன்னு ரேவதியும் இறங்கினா. நம்ம ஆள்னு சொன்ன ஆள் லைன்லயே இல்ல, டிபன் சாப்பிடப் போயிட்டானாம். இவங்க மூணு பேரும் கடைசில இருந்து நின்னு, வாங்கிட்டு, படத்துப் போஸ்டரப் பாத்துச் சிரிச்சுட்டு வர்றதுக்கு இருபது நிமிஷம். ரெண்டாவது லேட். கேட்ல நாகராஜப்பா ரெண்டு விரலக் காட்டினாரு. சாயங்காலம் அவங்க யாரோடயும் பேசாம ஓட்டினேன். இறங்கறப்ப இம்ரான் என் சட்டைப் பாக்கெட்ல மூணு டிக்கெட்டச் சொருகினான்: "உங்களுக்கும் அண்ணிக்கும் பாப்பாவுக்கும்ண்ணா. சேர்த்து வாங்கியாச்சு, இனிமே நீங்க கோச்சுக்க முடியாது."

பாதிப் படம்

போனோம். நல்லாத்தான் இருந்தது படம். ஹீரோவோட அண்ணன் ஆத்துல செத்துப்போயிட்டான்னு காரியமெல்லாம் பண்ணி முடிச்சுடறாங்க. வருஷம் ஓடுது. ஒரு நாள் மழையில ஹீரோ வீட்டுக் கதவ யாரோ தட்டறாங்க. தொறந்தா அண்ணன் நிக்கறான், "சாப்பிட்டியாடா?"ன்னு கேக்கறான். இடைவேளை! தியேட்டரே எழுந்து நின்னு கத்துது. என் பொண்ணும் கத்தினா, பயத்துல. செத்தவன் எப்படி வந்தான்னு ஒரே அழுகை. வேற வழியில்லாம அவளைத் தூக்கிக்கிட்டு நான் வெளிய வந்துட்டேன். கலாவ மட்டும் உக்காந்து பாத்துட்டு வரச் சொன்னேன். செத்த அண்ணன் எப்படித் திரும்பி வந்தான்? அது அண்ணன்தானா? இத்தன வருஷம் எங்க இருந்தான்? சாயங்காலம் பூரா எனக்கு இதே நினைப்பு. கலா வீட்டுக்கு வந்ததும் வராததுமா, செருப்பக் கூட கழட்ட விடாம கேட்டேன். அவ தண்ணி குடிச்சுக்கிட்டே முழுக்கதையும் சொல்லி முடிச்சா: "கடைசில எல்லாரும் சேந்துடறாங்க."

பதினோரு ரிங்

இந்த லட்சணத்துல ஒரு கதையக் கேட்டுட்டு எவனுக்குத் தூக்கம் வரும்? திங்கக்கிழமை காலைல வேலில போற ஓணான எடுத்து வேட்டில விட்டுக்கிட்டேன். சிவாஜிநகர்ல இம்ரான் ஏறினதும் நானே கேட்டேன்: இடைவேளைக்கு அப்புறம் என்னப்பா ஆச்சு? ஒரு வருஷமா என்கிட்ட இப்படி ஒரு கேள்வியே வராததால அவனுக்குக் கண்ணு ரெண்டும் கலங்கிடுச்சு. பின்னாடி சீட்ல இருந்து முன்னாடி சீட்டுக்குத் தாவி வந்தான். மாசம் முடிய இன்னும் ரெண்டு நாள்தான் இருந்தது, சரவணன் கூட நேரத்துக்குக் கீழ வந்திருந்தான், எனக்கும் மனசு லேசா இருந்தது.

நாலாவது பிக்கப் பானுவப் பத்திச் சொல்லணும். ஈரோட்டுப் பக்கத்துப் பொண்ணு, மடிவாளாவுல லேடீஸ் ஹாஸ்டல். எட்டு மணிக்கு வரச் சொன்னா ஏழு ஐம்பதுக்கே ரோட்டுக்கு வந்து நிக்கும். "சேரீங்ணா", "இல்லீங்ணா", இந்த ரெண்டு வார்த்தைதான் பேசும். அதனாலயே அது வண்டில இருக்கா இல்லையான்னு சட்டுனு தெரியாது. இம்ரான் கதை சொல்றான். அண்ணன் வீட்டுக்குள்ள வரான், அவன் காலடி ஈரமா இல்ல, வெளிய அப்படி மழை! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. டேஷ்போர்டுல என் போன் அடிக்குது. "எடுத்துடாதீங்கண்ணா, பானு கீழ வந்துட்டாளாம், மிஸ்டு கால்தான்"னு ரேவதி சொல்றா. மறுபடியும் அடிக்குது. "இன்னைக்கு ரெண்டு தடவ குடுக்கறா, அவசரம் போல"ன்னு சரவணன் சிரிக்கறான். அப்புறம் ரேவதி போன் அடிக்குது, சரவணன் போன் அடிக்குது, மறுபடியும் என் போன். இம்ரான் எரிச்சலா, "ஏ, எல்லாரும் போன சைலன்ட்ல போடுங்கப்பா, முக்கியமான சீன்"ன்னான். போட்டோம்! நானும்தான் போட்டேன், ஓட்டிக்கிட்டே, என் கையாலயே.

கூட்லு கேட் தாண்டறப்ப அண்ணனோட அம்மா அவன் நெத்தியத் தொட்டுப் பாக்கற சீன். சரவணன் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "இந்த இடத்துல நீ அழுதிருப்பேல்லா பானு?"ன்னு திரும்பிக் கேட்டான். பதில் இல்ல. மூணு பேரும் திரும்பிப் பாத்தாங்க. சீட்டு காலி. மடிவாளா எப்பவோ போயிடுச்சு. போன எடுத்துப் பாத்தா மூணு போன்லயும் சேர்த்துப் பதினோரு மிஸ்டு கால். ஒண்ணாவது மிஸ்டு கால் இல்ல, பதினொண்ணும் அந்தப் பொண்ணு அலறின அலறல்.

மணி எட்டேகால். நேரா போனா எட்டு முப்பத்தஞ்சுக்குக் கேட்டு. 'மூணு நிமிஷம் நின்னேன், பானு வரவில்லை'ன்னு ஷீட்ல ஒரு வரி எழுதினா போதும், என் ரூட் பொழைக்கும், ராத்திரி எட்டு மணிச் சாப்பாடு பொழைக்கும். ஏமாத்தறதுக்கு ரொம்ப சுலபமான வரி அது. ஓரமா நிறுத்தி ஷீட்டக் கூட கைல எடுத்துட்டேன், சத்தியமாச் சொல்றேன், எழுதிடலாம்னு தோணிச்சு. ஒரு நாளும் என்னைக் காக்க வைக்காத பொண்ணு அது ஒண்ணுதான், அது மேலயா பழி போடறது? வண்டியத் திருப்பினேன். அதுக்குப் போன் போட்டேன், நான் கூப்பிட்டா 'வந்துட்டிருக்கேன்'னு அர்த்தமாச்சே, நல்ல பொண்ணு, கட் பண்ணிடுச்சு! சில்க் போர்டு நெரிசல்ல ஊர்ந்து மடிவாளா போனா அங்க ஆளே இல்ல. பக்கத்துல பூ கட்டிக்கிட்டிருந்த அம்மாகிட்ட கேட்டோம். அவங்க என் வண்டிய மேலயும் கீழயும் பாத்துட்டுச் சொன்னாங்க: "அந்தப் பொண்ணு அப்பவே பஸ் ஏறிப் போயிடுச்சு. நீ கைய ஆட்டி ஆட்டிச் சிரிச்சுக்கிட்டே பறந்தியே, நான் கூட ஏதோ கல்யாண வண்டின்னு நெனைச்சேன்."

நாலு பேர், ஒரே தப்பு

கேட்டுக்குப் போறப்ப ஒன்பது பத்து. வழி பூரா யாரும் வாய தொறக்கல. அவங்க பேச மாட்டாங்களான்னு ஒரு வருஷமா ஏங்கினவன் நான், அன்னைக்கு அந்த அமைதி என்னைக் கொன்னுடுச்சு. பானு கேட்டுக்கு வெளியவே பைய அணைச்சுக்கிட்டு நின்னது. நாகராஜப்பா பேனா மூடியத் தொறந்துட்டாரு. "மூணாவது"ன்னு ஆரம்பிக்கறாரு, அதுக்குள்ள இம்ரான் குதிச்சு இறங்கி, "சார், நான்தான் பத்து நிமிஷம் லேட்"ங்கறான். ரேவதி அவனைத் தள்ளிட்டு, "இல்லா சார், நன்னிந்தலே லேட்டாயித்து, என்னாலதான் லேட், அம்மாவுக்கு உடம்பு சரியில்ல"ங்கறா. சரவணன், "சார், நான் எந்திரிக்கவே ஏழே முக்கால்"ங்கறான். பானு இருக்கே, வண்டிலயே வராத பானு, அதுவும் முன்னாடி வந்து, "என்னாலதானுங்க சார் லேட்டு"ங்குது. நாகராஜப்பாவுக்குத் தலை சுத்திடுச்சு. "நீ எட்டு நாப்பதுக்கே பஸ்ல வந்து இறங்கினதை நானே பாத்தேனேம்மா! எல்லாரும் சொல்ற லேட்டக் கூட்டினா நீங்க மத்தியானம் இல்ல வந்திருக்கணும்?"

இதுக்கு மேல என்னால முடியல. "சார், தப்பு என்னது. கதை கேட்டுக்கிட்டே ஆள ஏத்தாம வந்துட்டேன். எழுதிக்கோங்க"ன்னு சொல்லிட்டேன். பாப்பா தட்டுக்கு முன்னாடி தனியா உக்காந்திருக்கற மாதிரி கண்ணு முன்னாடி வந்துச்சு. நாகராஜப்பா குனிஞ்சு எழுதப் போனாரு. அவர் கைல இருந்து பேனாவ சரவணன் உருவினான். மூணாவது மாடிலேருந்து அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நேரத்துக்கு இறங்கின அதே சரவணன். 'என்னால்தான் தாமதம்'ங்கற கட்டத்துல பேர எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டான். அந்த வாரம்தான் அவன் மேனேஜர் அவனுக்கு வருஷத்து மார்க் போடற வாரம், அது எங்க எல்லாருக்கும் தெரியும். வேண்டாம்ப்பான்னு நான் ஷீட்டப் புடுங்கப் போனேன். அவன் மாட்டேன்னுட்டான். நாகராஜப்பா அந்தக் கையெழுத்தப் பாத்தாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு, பேனாவ மூடிப் பாக்கெட்ல சொருகினாரு: "வண்டிய உள்ள விடு சேகர். சித்தப்பனுக்கு ஏத்த பிள்ளைங்கதான்."

செவ்வாய்க்கிழமை

அன்னைக்குச் சாயங்காலம் ஏழரைக்கு வீட்டுக்குப் போனேன். எட்டு மணிக்கு பாப்பாவோட சாப்பிட்டேன். ரசம் சாதம்தான், ஆனா ஒவ்வொரு வாயும் சரவணன் ஊட்டின மாதிரி இருந்தது. அவனுக்கு மேனேஜர் கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேட்டாராம், அதுக்கு மேல ஒண்ணும் ஆகலன்னு சொன்னான். நிஜமா, எனக்காகச் சொன்னானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இப்படி ஒரு பையன எத்தன நாள் மனசுக்குள்ள திட்டியிருக்கோம்னு வெக்கமா இருந்தது. இனிமே ஆயுசுக்கும் அவன் மேல கோவப்படக் கூடாதுன்னு சாமி படத்துக்கு முன்னாடி நின்னு முடிவு பண்ணினேன்.

மறுநாள் காலைல மல்லேஸ்வரத்துல போய் நின்னேன். மூணு நிமிஷம் ஆச்சு. அஞ்சு ஆச்சு. ஏழு ஆச்சு. இன்னும் ஒரு லேட் வந்தா முடிஞ்சுது கதை, மாசத்துக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்! ஹாரன் அடிச்சேன், தெருவே எட்டிப் பாத்துது. சாமி படத்துக்கு முன்னாடி பண்ணின முடிவெல்லாம் சம்பிகே ரோடு பக்கம் பறந்துடுச்சு. எட்டாவது நிமிஷம் ஐயா வந்தாரு, தலை சீவாம, வாயில பாதி பொங்கலோட. "ஏன்ப்பா, நேத்து அவ்வளவு ஆகியும் இன்னைக்கும் லேட்டா?"ன்னு கத்திட்டேன். அவன் நிதானமா மென்னு முழுங்கி, கதவச் சாத்திட்டு, என்னைப் பாத்து அவ்வளவு பாசமாச் சிரிச்சான்: "நேத்துத் தாமதத்துக்கு நேத்தே கையெழுத்துப் போட்டாச்சுல்லா அண்ணாச்சி, அந்த லேட்ட நான் இன்னும் அனுபவிக்கவே இல்லையே!"

இப்படிப்பட்ட பிள்ளைங்கள விட்டுட்டுப் போகவும் மனசு வராது, ஏத்திக்கிட்டு நேரத்துக்குப் போகவும் முடியாது, இதுதாங்க பிக்கப் வண்டிக்காரன் பொழப்பு.